அச்சுக்கு முந்திய அஞ்சல்

அறிவின் அங்காடி – 17

போன அத்தியாயத்தை 1991-இல் நிறுத்தியிருந்தேன். ஆய்விதழை லாபம் கொழிக்கும் வணிகமாக மாற்றிக் காட்டிய ராபர்ட் மேக்ஸ்வெல், தன் பெர்கமான் பதிப்பகத்தை அந்த ஆண்டு எல்செவியருக்கு விற்றார். நவம்பரில் கடலில் இறந்து கிடந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஒரு மேசைக்கடியில் இருந்த கணினி ஒரு புது வேலையைத் தொடங்கியது. உலகின் எந்த மூலையிலிருந்தும் இயற்பியல் கட்டுரைகளை வாங்கிக்கொண்டு, கேட்டவர்க்கெல்லாம் காசு வாங்காமல் கொடுக்கும் வேலை.

அந்தக் கணினியைப் பார்க்கப் போகுமுன் ஒரு தோல்வியைச் சொல்லியாக வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் வெற்றியின் அருமை விளங்காது.

1961. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்.-இல் எரட் ஆல்பிரிட்டன் என்றொரு உடலியல் அறிஞர் இருந்தார். ஒரு துறையில் உயிரோட்டமாக வேலை செய்பவர்கள் உலகம் முழுதும் சில நூறு பேர்தான். ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவர் தெரிந்துகொள்ள இதழ் அச்சாகி வரும்வரை பல மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆல்பிரிட்டனின் யோசனை எளிமையானது. ஒரே பொருளில் ஆய்வு செய்பவர்கள் ஒரு குழுவாகப் பதிந்துகொள்ள வேண்டும். யாரிடம் புதிதாக ஏதாவது இருக்கிறதோ அவர் அதைத் தட்டச்சு செய்து என்.ஐ.எச்.-க்கு அனுப்பினால் போதும். கட்டுரையாக இருக்கலாம், பாதிக் கட்டுரையாக இருக்கலாம், இன்னொருவர் கட்டுரைக்கு மறுப்பாகவும் இருக்கலாம். என்.ஐ.எச். அதைப் படியெடுத்துக் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் அஞ்சலில் அனுப்பிவிடும். திருத்தம் கிடையாது, தேர்வு கிடையாது, கட்டணமும் கிடையாது. தகவல் பரிமாற்றக் குழுக்கள் என்று இதற்குப் பெயர்.

முதல் குழு, செல்லுக்குள் ஆற்றல் எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்தவர்களுடையது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிரீன் அதற்குத் தலைவர். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மொத்தம் ஏழு குழுக்கள் உருவாயின. ஏழாவது குழு எடுத்துக்கொண்டது நியூக்ளிக் அமிலங்களையும் மரபுக் குறியீட்டையும். அன்றைய உயிரியலின் கொதிநிலையே அங்கேதான் இருந்தது. சில ஆண்டுகளில் இந்தக் குழுக்களில் 3,600-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். 2,500-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் சுற்றுக்கு வந்தன. கணினி வலை இல்லாத காலத்தில், படியெடுக்கும் எந்திரத்தையும் தபால்காரரையும் மட்டும் நம்பி நடந்த காரியம் இது.

இப்படி இதழுக்கு முன்னால் கைக்குக் கை போகும் படிக்குத்தான் பிரீபிரிண்ட் என்று பெயர். தமிழில் முன்னச்சு எனலாம். ஆனால் ஆய்வகங்களில் நம்மவர்கள் சொல்வது பிரீபிரிண்ட் என்றுதான், நானும் அப்படியே எழுதுகிறேன்.

இதழ்களின் ஆசிரியர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1966-இல் உயிர்வேதியியல் இதழ்களின் ஆசிரியர்கள் வியன்னாவில் கூடினார்கள். குழுக்களின் வழியாக ஏற்கெனவே சுற்றுக்கு வந்த கட்டுரைகளைத் தங்கள் இதழ்களில் ஏற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ இரண்டும் குழுக்களுக்கு எதிராக எழுதின. அவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். யாரும் சரிபார்க்காத தாள்கள் மேற்கோள்களாக நுழைகின்றன என்றார்கள், உண்மைதான். குழு பெரிதாகப் பெரிதாக அரசின் தபால் செலவு ஏறிக்கொண்டே போகும் என்றார்கள்; அதுவும் உண்மை. ஆனால் அந்தக் காரணங்களுக்குக் கீழே இன்னொன்று இருந்தது. எல்லாரும் முன்கூட்டியே படித்துவிட்டால் இதழை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்ற அச்சம் அது.

ஆய்வாளர்களுக்கு அப்போது தேர்வு இரண்டே. நண்பர்களுக்குச் சொல்லிவிட்டு இதழை இழப்பது, அல்லது இதழுக்காக வாயை மூடிக்கொள்வது. வேலையும் பதவி உயர்வும் நல்கையும் இதழின் பெயரைப் பார்த்துத்தான் வரும். ஆகவே வாயை மூடிக்கொண்டார்கள். 1967-இல் குழுக்கள் கலைக்கப்பட்டன. இரண்டு ஆண்டு கழித்து, 1969-இல், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஆசிரியர் ஃபிரான்ஸ் இங்கெல்ஃபிங்கர், வேறெங்காவது வெளிவந்த ஆய்வை எங்கள் இதழ் ஏற்காது என்று எழுதி வைத்தார். அந்த விதிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மருத்துவம், உயிரியல் இரண்டிலும் ஒரு தலைமுறை முழுவதும் அந்த விதியின் நிழலில் வளர்ந்தது. என்ன கண்டுபிடித்தாய் என்று மாநாட்டில் யாராவது கேட்டால் பாதியை விழுங்கிவிட்டுப் பதில் சொல்லப் பழகியது.

எழுதிய கட்டுரை ஆய்வாளருடையது. சோதனைக்குச் செலவான பணம் பெரும்பாலும் மக்களுடையது. ரெஃப்ரீயாக, அதாவது மதிப்பாய்வாளராக, இருந்து படித்துத் திருத்தியவர் சம்பளம் வாங்காத இன்னோர் ஆய்வாளர். அதை நண்பருக்குக் காட்டலாமா கூடாதா என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் எப்படி இதழுக்குப் போனது? இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான். அந்த உரிமை கைமாறியது ஏதோ இயற்கை விதியால் அல்ல. அதற்கு ஆண்டு உண்டு, ஊர் உண்டு: 1966, வியன்னா.

இயற்பியலாளர்கள் மட்டும் இதற்கு மசியவில்லை. துகள் இயற்பியல் பழைய பழக்கத்தை விடாமல் வைத்திருந்தது. கட்டுரையை இதழுக்கு அனுப்பும் அன்றே துறையின் தட்டச்சர் படிகள் எடுத்து, நிறுவனத்தின் பெயர் பொறித்த அட்டை போட்டு, நூற்றுக்கணக்கான முகவரிகளுக்கு அனுப்பிவிடுவார். ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தின் நூலகம் இந்தப் படிகளைச் சேகரித்து வந்தது. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தின் நூலகத்தில் லூயிஸ் அடிஸ் என்ற நூலகர் 1969 முதல், அந்த வாரம் வந்து சேர்ந்த பிரீபிரிண்ட்களின் பட்டியலை வாரந்தோறும் வெளியிட்டார். பட்டியலோடு இன்னொரு பகுதியும் வந்தது. முன்பு பிரீபிரிண்டாக வந்து இப்போது இதழில் அச்சேறிவிட்டவை அதில் இருந்தன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் எதிர்-பிரீபிரிண்ட்! துகளுக்கு எதிர்த்துகள் உண்டென்று படிப்பவர்களுக்குத்தானே அந்தப் பெயர் தோன்றும். இந்த வரலாற்றில் நூலகர்களின் பெயர்கள் அடிக்கடி விட்டுப்போகின்றன. பின்னால் கணினி வந்து சுலபமாகச் செய்ததை அவர்கள் கையால், ஒவ்வொரு வாரமும், சலிக்காமல் செய்தார்கள்.

ஆனால் அஞ்சலில் ஓர் அநீதி இருந்தது. முகவரிப் பட்டியலில் யார் பெயர் இருக்கும்? ஹார்வர்டு இருக்கும், பிரின்ஸ்டன் இருக்கும், செர்ன் இருக்கும். சிறிய கல்லூரியில் இருப்பவர் பெயரோ, பேராசிரியரைத் தெரியாத மாணவர் பெயரோ இருக்காது. கடல் கடந்து போகும் தபாலுக்கு அதிகச் செலவு என்பதால் ஏழை நாடுகளின் பெயர்கள் முதலில் வெட்டுப்படும்.

தொலைவு என்றால் என்ன என்பதை இந்தியர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1928-ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் சி.வி.ராமன், ராமன் விளைவு எனப்படும் ஒளிச்சிதறலைக் கண்டார். மார்ச் 16 அன்று பெங்களூரில் அதைப் பற்றி உரையாற்றினார். அந்த உரையைத் தாமே தொடங்கிய ‘இந்திய இயற்பியல் இதழில்’ மாத முடிவுக்குள் அச்சேற்றி, தனிப்படிகளை உலகெங்கும் இருந்த அறிவியலாளர்களுக்கு அஞ்சலில் அனுப்பிவைத்தார். மாஸ்கோவில் லான்ட்ஸ்பெர்க்கும் மண்டெல்ஸ்தாமும் ஏறக்குறைய அதே விளைவை அதே நாட்களில் கண்டிருந்தார்கள். 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு வந்தது. பரிசுக்கு அவருடைய ஆய்வே காரணம், சந்தேகமில்லை. ஆனால் அந்த மார்ச் மாதத்து வேகத்தையும் நான் சேர்த்தே நினைக்கிறேன். கப்பல் தபாலின் தொலைவில் இருந்த ஒருவர், தன் கண்டுபிடிப்பு எப்போது உலகைச் சேர வேண்டும் என்பதைத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

இனி அந்த மேசைக்கடிக் கணினிக்கு வருவோம். அதன் கதை தொடங்குவது ஆஸ்பெனில்.

1980-களின் முடிவுக்குள் இரண்டு விஷயங்கள் கூடி வந்திருந்தன. ஒன்று மின்னஞ்சல். மற்றொன்று டொனால்டு குனுத் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள். அதன் கோப்பு வெறும் எழுத்துகளால் ஆனது என்பதால் கணிதச் சமன்பாடுகள் நிறைந்த கட்டுரையைக்கூட அப்படியே மின்னஞ்சலில் அனுப்பிவிட முடிந்தது. பிரின்ஸ்டனில் உயர்நிலை ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜோவான் கோன் என்ற இளம் இயற்பியலாளர், 1989 முதல் இழைக் கோட்பாட்டுக் கட்டுரைகளை இப்படி வாங்கி, வேண்டியவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1991-க்குள் அவர் பட்டியலில் ஏறக்குறைய 180 பேர். தன் ஆராய்ச்சியையும் பார்த்துக்கொண்டு ஒருவர் கைப்பட அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதை மறக்க வேண்டாம்.

அந்த ஆண்டு கோடையில், கொலராடோ மலைகளில் இருக்கும் ஆஸ்பென் இயற்பியல் மையத்தில் ஆய்வாளர்கள் கூடியிருந்தார்கள். பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஸ்பெண்டா வாடியா வந்திருந்தார். பேச்சுவாக்கில் ஒரு கவலையைச் சொன்னார்: நான் பயணத்தில் இருக்கும்போது இந்தக் கட்டுரைகள் வந்து குவிந்தால், கணினியில் எனக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிடுமே. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் லாஸ் அலமோஸைச் சேர்ந்த பால் ஜின்ஸ்பார்க். எல்லாருக்கும் எல்லாவற்றையும் ஏன் அனுப்ப வேண்டும்? கட்டுரைகள் ஓரிடத்தில் இருக்கட்டும், தலைப்பும் சுருக்கமும் மட்டும் போகட்டும், வேண்டியவர் வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று அவருக்குத் தோன்றியது. பல ஆண்டுகள் கழித்து அந்த உரையாடலை அவரே நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். பம்பாயிலிருந்து வந்தவரின் வட்டு இடப் பற்றாக்குறை உலக அறிவியலின் பழக்கத்தையே மாற்றக் காரணமாயிற்று என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

1991 ஆகஸ்ட் 14. ஜின்ஸ்பார்க் எழுதிய நிரல் ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 100 கட்டுரைகள் வரலாம் என்று அவர் கணக்கிட்டிருந்தார். முதல் ஆறு மாதத்திலேயே 400 வந்தன. இழைக் கோட்பாட்டுக்காரர்களுக்கு என்று தொடங்கியதை மற்ற இயற்பியலாளர்கள் கேட்டு வாங்கினார்கள், பிறகு கணிதக்காரர்கள், பிறகு கணினி அறிவியலார். 1998-இல் ஆர்க்கைவ் என்று பெயர் மாறியது. 2001-இல் ஜின்ஸ்பார்க்கோடு அதுவும் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குக் குடிபோனது. இன்று மாதத்துக்கு 20,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் அங்கே வந்து சேர்கின்றன.

உலகம் முழுவதும் அதன் நகல் தளங்கள் இருந்த காலத்தில் இந்தியாவின் நகல் இருந்தது சென்னை தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில். மேட்சயின்ஸ் என்று பழையவர்கள் சொல்வார்களே, அதே இடம். கடல்கடந்த இணைப்பு நத்தையாக ஊர்ந்த ஆண்டுகளில், இங்கே ஒரு மாணவர் நேற்று பிரின்ஸ்டனில் எழுதப்பட்டதை இன்று படிக்க அந்த நகல் உதவியது. யாருடைய முகவரிப் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. இதைவிடப் பெரிய சமத்துவத்தை எந்த ஆய்விதழும் எங்களுக்குத் தந்ததில்லை.

ஆர்க்கைவில் கண்டதெல்லாம் ஏறிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. துறைக்குத் துறை மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். முதல் முறை அனுப்புபவருக்கு ஏற்கெனவே எழுதுபவர் ஒருவர் பரிந்துரை தர வேண்டும் என்ற ஏற்பாடு 2004 முதல் உண்டு. கட்டுரை அறிவியல்தானா என்று பார்க்கிறார்கள். சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. அது படிப்பவர்களின் வேலை. ரஷ்யக் கணிதவியலாளர் கிரிகோரி பெரல்மான், நூறு ஆண்டுகளாக யாருக்கும் பிடிபடாத புவான்காரே கருதுகோளின் நிரூபணத்தை 2002 நவம்பரிலும் அடுத்த ஆண்டிலுமாக மூன்று பிரீபிரிண்ட்களாக அங்கே போட்டார். எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. உலகின் தேர்ந்த கணிதவியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்தார்கள். 2006-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் அறிவிக்கப்பட்டது, அவர் மறுத்துவிட்டார். அந்த மூன்று கட்டுரைகளைவிடக் கடுமையான மதிப்பாய்வுக்கு ஆளான கட்டுரை அந்தப் பத்தாண்டில் வேறு இருந்ததாக நான் நினைக்கவில்லை.

மதிப்பாய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதழுக்கு வந்த ஒவ்வொன்றையும் ரெஃப்ரீக்கள் படித்துத் தேர்வது நியூட்டன் காலத்து வழக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் ‘நேச்சர்’ அதைக் கட்டாயமாக்கியதே 1973-இல்தான். வாட்சனும் கிரிக்கும் 1953-இல் டி.என்.ஏ. பற்றி எழுதிய சிறு கட்டுரையை எந்த ரெஃப்ரீயும் பார்க்கவில்லை. அதற்காக ரெஃப்ரீயே வேண்டாம் என்று சொல்பவனல்ல நான். 1936-இல் ஐன்ஸ்டீனும் நாதன் ரோசனும் ஈர்ப்பு அலைகள் பற்றி எழுதிய கட்டுரையை ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ இதழ் ஒரு ரெஃப்ரீக்கு அனுப்பியது. ஐன்ஸ்டீன் கொதித்துப்போனார். அச்சிடத்தான் தந்தேன், யாரிடமும் காட்டத் தரவில்லை என்ற தொனியில் பதில் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். ஆனால் தவறு ஐன்ஸ்டீனிடம் இருந்தது. ஹோவர்டு ராபர்ட்சன் என்ற அந்த ரெஃப்ரீ சொன்னது சரி. கட்டுரை வேறோர் இதழில் வந்தபோது முடிவு மாறியிருந்தது. நல்ல ரெஃப்ரீ ஒரு வரம். மூடிய அறைக்குள் இரண்டு பேர் மட்டும் படித்துவிட்டு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதே வெளியே தெரியாமல் போகிற ஏற்பாட்டைத்தான் நான் எதிர்க்கிறேன்.

உயிரியலுக்குத் திரும்புவோம். வியன்னாவில் மூடிய கதவை 1999-இல் ஹெரால்டு வார்மஸ் தட்டிப்பார்த்தார். நோபல் பரிசு பெற்றவர், என்.ஐ.எச்.-இன் தலைவர். உயிர்மருத்துவக் கட்டுரைகள் எல்லாம் எவரும் இலவசமாகப் படிக்கும்படி ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அதில் பிரீபிரிண்டுக்கும் இடம் வேண்டும் என்று திட்டம் வரைந்தார். பதிப்பகங்களும் அறிவியல் சங்கங்களில் சிலவும் எழுந்து நின்று எதிர்த்தன. பிரீபிரிண்ட் பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை 2000-இல் பப்மெட் சென்ட்ரல் என்று தொடங்கினார்கள். ஆல்பிரிட்டன் காலத்தில் கேட்ட அதே குரல்கள், அதே வெட்டு. கடைசியில் 2013 நவம்பரில்தான், நியூயார்க்கின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் பயோஆர்க்கைவைத் திறந்தது. 1967-இலிருந்து எண்ணினால் 46 ஆண்டுகள். மருத்துவத்துக்கான மெட்ஆர்க்கைவ் 2019 ஜூனில் வந்தது. ஆறு மாதம் கழித்து வூஹானில் ஒரு காய்ச்சல் பரவத் தொடங்கியது.

2020-இல் பிரீபிரிண்ட் என்ற சொல் செய்தித்தாள்களில் பரவலாக வந்தது, பெரும்பாலும் வசைச்சொல்லாக. அந்த வசைக்கு நியாயமும் இருந்தது. ஜனவரி 31 அன்று டெல்லி ஆய்வாளர்கள் சிலர், புதிய வைரசில் எச்.ஐ.வி.-ஐ ஒத்த துண்டுகள் இருப்பதாகப் பயோஆர்க்கைவில் ஒரு கட்டுரை போட்டார்கள். சதிக் கதைகளுக்குத் தீனியாகிவிட்டது அது. ஆனால் உலகெங்கும் இருந்த உயிரியலாளர்கள் அன்றிரவே அதைப் பிரித்து மேய்ந்தார்கள். அந்தத் துண்டுகள் எத்தனையோ உயிரினங்களில் இருக்கும் சின்னஞ்சிறு ஒற்றுமைகள் என்று கட்டுரையின் அடியிலேயே எழுதினார்கள். பிப்ரவரி 2 அன்று எழுதியவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இரண்டே நாள்.

இப்போது மறுபக்கம். மே 22 அன்று ‘லான்செட்’ இதழ், முறைப்படி ரெஃப்ரீக்கள் பார்த்த ஒரு கட்டுரையை வெளியிட்டது. ஆறு கண்டங்களில் 671 மருத்துவமனைகள், 96,032 கோவிட் நோயாளிகள், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆபத்தானது என்ற முடிவு. உலக சுகாதார நிறுவனம் மூன்றே நாளில் அந்த மருந்தின் சோதனையை நிறுத்திவைத்தது. அந்தத் தரவைத் தந்ததாகச் சொன்ன தனியார் நிறுவனம், அதைச் சரிபார்க்கக் கேட்டபோது காட்டவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதையும் கண்டுபிடித்தவர்கள் இதழின் ரெஃப்ரீக்கள் அல்லர், வெளியே இருந்து படித்தவர்கள். இதே இதழ் 1998-இல் வெளியிட்ட, தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட கட்டுரை திரும்பப் பெறப்பட 12 ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனை குழந்தைகளுக்கு ஊசி போடாமல் விட்டார்கள்!

அந்த ஆண்டின் நல்ல செய்தி எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன். டெக்சாமெத்தசோன். நம் ஊர் மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய மருந்து. ஆக்ஸ்ஃபோர்டு தலைமையில் பிரிட்டன் முழுவதும் நடந்த சோதனையில் 2,104 நோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டது, 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஜூன் 16 அன்று முடிவை அறிவித்தார்கள். ஜூன் 22 அன்று முழு விவரமும் மெட்ஆர்க்கைவில் வந்தது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது ஜூலை 17. ஆம், இங்கெல்ஃபிங்கரின் அதே இதழ். அவர் விதி பழைய இறுக்கத்தோடு நின்றிருந்தால் அந்த 25 நாட்களும் மருத்துவர்கள் வெறும் அறிவிப்பை நம்பி மருந்து கொடுத்திருக்க வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் சென்னை மருத்துவமனைகளில் படுக்கைக்கு அலைந்தவர்களுக்கு 25 நாள் என்றால் என்னவென்று தெரியும்.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது எழுதிய முதல் கட்டுரை ஓர் இதழில் பதினான்கு மாதம் கிடந்தது. யாரும் படிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது, ரெஃப்ரீ கிடைக்கவில்லையாம். அந்தப் பதினான்கு மாதமும் அதைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்றார்கள், வேறெங்கும் போடவும் கூடாது என்றார்கள். அதே பொருளில் வேறொரு நாட்டிலிருந்து கட்டுரை வந்துவிட்டது. என் மேசை டிராயரில் தேதி போட்ட கையெழுத்துப் பிரதி இருந்தது. அதை யாரிடம் காட்டுவது? பிரீபிரிண்ட் என்றால் முதலில் அந்தத் தேதிதான். நான் இன்று இதைக் கண்டேன் என்று ஊரறியச் சொல்லி, யாரும் அழிக்க முடியாதபடி பதிந்துவைப்பது.

இன்று நம் பல்கலைக்கழகங்களில் நிலைமை என்ன? பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுக்குமுன் ஒரு கட்டுரையாவது இதழில் வந்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த விதியால் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். காசு வாங்கிக்கொண்டு மூன்று நாளில் போட்டுத்தரும் போலி இதழ்கள் மழைக்காளானாக முளைத்தன. மாணவர்கள் உதவித்தொகையிலிருந்து எடுத்துக் கட்டினார்கள். போலிகளைக் களைய 2018-இல் ஒரு பட்டியல் போட்டார்கள், 2025-இல் அதையும் கைவிட்டார்கள். கட்டாய விதி 2022-இல் போய்விட்டது, ஆனால் பழக்கம் போகவில்லை. நேர்காணலில் இன்றும் முதல் கேள்வி, எந்த ஜர்னல், இம்பாக்ட் ஃபேக்டர் என்ன என்பதுதான். கட்டுரையில் என்ன இருக்கிறது என்று கேட்கும் குழுவைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள்.

மாற்றம் பெரிய இடத்திலிருந்து வர வேண்டியதில்லை. ஒரு துறைத் தலைவர் நினைத்தால் போதும். மாணவர் தன் பிரீபிரிண்டைக் காட்டினால் அதைக் குழு உட்கார்ந்து படிக்கட்டும். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றியே கேட்கட்டும். பதவி உயர்வு விண்ணப்பத்தில் பிரீபிரிண்டுக்கு ஒரு கட்டம் சேர்க்கட்டும். அமெரிக்காவின் என்.ஐ.எச்., ஒரு காலத்தில் குழுக்களைக் கலைத்த அதே நிறுவனம், நல்கை விண்ணப்பங்களில் பிரீபிரிண்டை மேற்கோள் காட்டலாம் என்று 2017-இல் அறிவித்தது. ‘ஈலைஃப்’ இதழ் 2023 முதல் ஏற்பு, மறுப்பு என்ற முத்திரைகளையே விட்டுவிட்டு, பிரீபிரிண்டோடு ரெஃப்ரீக்களின் கருத்தையும் சேர்த்து வெளியிடுகிறது. கேட்ஸ் அறக்கட்டளை, தன் பணத்தில் நடக்கும் ஆய்வு முதலில் பிரீபிரிண்டாக வெளிவர வேண்டும், இதழுக்குக் கட்டணம் கட்டப் பணம் தர மாட்டோம் என்று 2025 முதல் விதித்துவிட்டது.

அதே 2025 ஜனவரி முதல் தேதியில் நம் அரசும் ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. ஒரே நாடு, ஒரே சந்தா. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களை 6,300 நிறுவனங்கள் படிக்கலாம். விருதுநகரிலோ திருவாரூரிலோ இருக்கும் அரசுக் கல்லூரி மாணவருக்கு இதுவரை எட்டாத கதவு திறக்கிறது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலில் எல்செவியரும் இருக்கிறது. மேக்ஸ்வெல் விற்றுவிட்டுப் போன இதழ்களுக்கு நாம் இன்னும் வாடகை கட்டுகிறோம். அந்த 6,000 கோடியை வரிவரியாக அடுத்த இதழில் பிரித்துப் பார்ப்போம்.

(தொடரும்)